கால் மைல் ஓட்டமும் மாத்தளை வீதியும்: பிரித்தானியச் சிறு கார் ஒன்றின் இரு வரலாறுகள்

ஒரு நாட்டிற் செய்யப்பட்ட பொருள் இன்னொரு நாட்டைச் சென்றடையும்போது அதன் வடிவம் மாறாதிருக்கலாம். அதன் வாழ்வு மாறிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் பிரித்தானியத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த சிறு கார்கள் இதற்குத் தக்க சான்றாகும். ஒஸ்ரின், மொறிஸ், போர்ட் ஆகிய பெயர்களைத் தாங்கிய அவ்வண்டிகளுட் சில, 1960களில் இங்கிலாந்தில் இயந்திரம் மாற்றப்பட்டு, பின்சில்லுகள் அகலமாக்கப்பட்டு, கால் மைல் தூரத்தைச் சில விநாடிகளிற் கடக்கும் பந்தய வண்டிகளாயின. அதே தொழிற்சாலைகளின் வேறு சில வண்டிகள், கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வீதியிலே, தம்மை வடிவமைத்தோர் கனவிலும் கருதாத ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே வண்டி ஓரிடத்தில் விநாடிகளை வெல்வதற்கும் மற்றோரிடத்தில் ஆண்டுகளை வெல்வதற்கும் மாற்றியமைக்கப்பட்டமைக்குக் காரணம் என்ன? இவ்வினாவுக்கு விடை இயந்திரத்தினுள் இல்லை. அதனைச் சூழ்ந்திருந்த சமுதாயங்களில் உள்ளது. எனினும் அவ்விடையின் தடயங்கள் இயந்திரத்திலேயே பதிந்துள்ளன. அவற்றை மாத்தளை மாவட்டத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரியினாற் பிறந்த வடிவம்

முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானிய அரசு விதித்த வரியொன்று, அந்நாட்டுக் காரின் உருவத்தை நிருணயித்த காரணிகளுள் முதன்மையானதாகும். 1921 முதல் ஒவ்வொரு ‘குதிரைவலு’வுக்கும் ஆண்டுக்கு ஒரு பவுண் வீதம் அங்கு வரி அறவிடப்பட்டது. இக்குதிரைவலு, இயந்திரம் உண்மையில் வெளிப்படுத்தும் வலு அன்று. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதனை வர்க்கித்து, சிலிண்டர்களின் எண்ணிக்கையாற் பெருக்கி, 2.5 ஆற் பிரித்துப் பெறப்பட்ட எண்ணே அது. பிஸ்ரன் எவ்வளவு தூரம் மேலுங் கீழும் ஓடுகின்றது என்பது கணக்கிற் சேரவில்லை. ஆகவே விட்டத்தைக் குறுக்கி ஓட்டத்தை நீட்டுவதே வரிச்சுமையைக் குறைக்கும் வழியாயிற்று.

1922இல் ஹேர்பேர்ட் ஒஸ்ரின், ஸ்ரான்லி எட்ஜ் என்னும் இளம் வரைஞரின் துணையுடன் உருவாக்கிய ‘ஒஸ்ரின் செவன்’ என்ற வண்டியின் பெயரே இக்கணக்கிலிருந்து பிறந்ததாகும். 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் 2.2 அங்குல விட்டமுடையவை. மேற்சொன்ன வாய்பாட்டின்படி அதன் வலு 7.7. தமிழர் ‘பேபி ஒஸ்ரின்’ என்று செல்லமாக அழைத்த வண்டி இதுவே. போர்ட் கம்பனியின் 1172 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இன்னுந் தெளிவான சான்று. அதன் விட்டம் 2.5 அங்குலம், வாய்பாட்டின்படி வலு மிகச் சரியாக 10. அதன் பிஸ்ரனோ 63.5 மில்லிமீற்றர் அகலமுள்ள சிலிண்டரினுள் 92.5 மில்லிமீற்றர் தூரம் ஓடிற்று. சட்டத்தை எழுதியவரின் எழுதுகோல் இயந்திரத்தின் உள்ளுறுப்பையே வரைந்துவிட்டது எனலாம்.

இத்தகைய நெடிய ஓட்ட இயந்திரத்துக்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. குறைந்த சுழற்சியிலேயே அது நல்ல இழுவலுவைத் தரும்; பாரமேற்றிய வண்டியைக் கியரை அடிக்கடி மாற்றாமல் ஏற்றத்திற் கொண்டுசெல்லும். ஆயின் மிகுந்த வேகத்திற் சுழல அதனால் இயலாது. பிஸ்ரன் கடக்கும் தூரம் அதிகமாதலால், சுழற்சி கூடும்போது அதன் வேகமும் உராய்வும் தாங்கொணா அளவை எட்டிவிடும். மலைநாட்டு வீதிக்கு உகந்ததும் பந்தயத் திடலுக்கு ஒவ்வாததுமான இயல்பு இது. பிரித்தானியாவின் உள்நாட்டு வரியொன்று, அதனை அறிந்திராத மலைநாட்டுச் சாரதிக்கு ஏற்ற இயந்திரத்தை வழங்கியமை குடியேற்றகாலப் பொருளாதாரத்தின் விந்தைகளுள் ஒன்று.

1948இல் அவ்வரிமுறை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வெளிவந்தது. 1952இல், ‘ஏ வரிசை’ எனப்பட்ட 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அதிற் பொருத்தப்பட்டது. 1956இல் அது 948 ஆக வளர்ந்தது. அதன் விட்டம் 62.9 மில்லிமீற்றர், ஓட்டம் 76.2 மில்லிமீற்றர். வரி போனபின்னும் வரி கற்பித்த பழக்கம் போகவில்லை என்பதை இவ்வளவுகள் காட்டுகின்றன. ஏறத்தாழ 770 கிலோகிராம் எடையுள்ள அவ்வண்டியை 37 குதிரைவலுவே இழுத்தது. 1953 முதல் 1959 வரை விற்பனையான ‘போர்ட் பொப்பியூலர்’ பழைய 1172 இயந்திரத்துடனேயே வந்தது. 1956ஆம் ஆண்டுச் சுயஸ் நெருக்கடி பெற்றோலுக்குப் பங்கீட்டைக் கொண்டுவர, அதன் விளைவாக 1959இல் ‘மினி’ பிறந்தது.

விமானத் திடலிற் பிறந்த பந்தயம்

‘டிராக்’ பந்தயம் எனப்படுவது நேர்கோட்டில் நிகழும் ஓட்டம். இரு வண்டிகள் அருகருகே அசையாது நின்று, சைகை கிடைத்ததும் புறப்பட்டு, கால் மைல் அதாவது ஏறத்தாழ 402 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றன. வளைவில்லை, ஏற்றமில்லை, நீண்ட நேரமும் இல்லை. இப்பந்தயம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருப்பெற்றது. 1950இல் சாந்தா ஆனா விமானத் திடலில் ஒழுங்கான ஓட்டங்கள் தொடங்கின; 1951இல் வொலி பார்க்ஸ் என்பாரின் முயற்சியால் தேசிய அளவிலான சங்கம் நிறுவப்பட்டது. வீதியில் ஆபத்தாக ஓடிய இளைஞரை, ஒழுங்கும் பரிசோதனையும் உள்ள இடத்துக்குக் கொண்டுவருதல் அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இங்கிலாந்துக்கு இதனைக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் சிட்னி அலார்ட். அவர் 1961இல் தமது முதலாவது டிராக் வண்டியை வெளிப்படுத்தினார். 1964இல் அமெரிக்க ஓட்டுநர் டொன் கார்லிற்ஸ் முதலியோர் பங்குபற்றிய சர்வதேச விழா நடைபெற்றது. அவ்விழா நடந்த இடங்கள் பிளாக்புஷ், செல்வெஸ்ரன், வூட்வேல், சேர்ச் பென்ரன், கெம்பிள் என்பன. இவை யாவும் விமானத் திடல்களாதல் கவனிக்கத்தக்கது. 1966ஆம் ஆண்டு ஈஸ்ரர் காலத்தில் ‘சாந்தா பொட்’ என்ற நிரந்தரத் திடல் திறக்கப்பட்டது. அதுவும் போர்க்காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எழுந்த பொடிங்டன் தளமே. கார்லிற்ஸ் போன்றோர் ஓட்டியவை பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட நீண்ட வண்டிகள். சாதாரண இளைஞனோ தன் கைக்கெட்டிய பழைய காரை நாடினான்.

அங்கே பழைய சிறு கார் விரும்பப்பட்டமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது விலை. 1960இல் பிரித்தானியாவிற் பழைய வாகனங்களுக்குக் கட்டாயத் தகுதிப் பரிசோதனை அறிமுகமாயிற்று. பரிசோதனையிற் தவறிய போர்ட் பொப்பியூலரும் மைனரும் சொற்ப விலைக்குக் கிடைத்தன. இரண்டாவது எடை. மூன்றாவது, பலரும் எண்ணிப் பாராத ஒன்று: வண்டியின் குறுகிய நீளமும் நிமிர்ந்த உயரமும்.

மூன்றாவது காரணத்தைச் சிறிது விளக்குதல் பொருந்தும். நின்ற வண்டி திடீரென முன்னோக்கிப் பாயும்போது அதன் பாரத்தின் ஒரு பகுதி முன்சில்லிலிருந்து பின்சில்லுக்குப் பெயர்கின்றது. அவ்வளவு, முடுக்கத்தையும் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் பொறுத்துக் கூடும். முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரத்தைப் பொறுத்துக் குறையும். 800 கிலோகிராம் எடையும், அச்சுகளுக்கிடையே 2.2 மீற்றர் தூரமும், 0.55 மீற்றர் உயரத்தில் மையமுமுள்ள ஒரு வண்டி புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்துடன் புறப்படுமாயின், 200 கிலோகிராம் பாரம் பின்னுக்குச் செல்லும். இயந்திரத்தின் வலுவைப் பின்சில்லுக்கு அனுப்பும் வண்டிக்கு இது பெரும் பேறு. அழுத்தம் கூடக் கூட ரயர் நிலத்தை இறுகப் பற்றும். மைனரும் பொப்பியூலரும் பின்சில்லால் உந்தப்படுபவை. மினியோ முன்சில்லால் இழுக்கப்படுவது. புறப்படும் கணத்தில் அதன் இழுக்குஞ் சில்லு பாரத்தை இழந்துவிடும். எனவேதான் வளைவுகளில் வீறுகொண்டு, மொன்ரி கார்லோ ஓட்டத்தை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்ற மினிக்கு, கால் மைல் நேரோட்டம் இயல்பான களமாக அமையவில்லை.

மாற்றியமைப்பு எவ்வாறு நிகழ்ந்தது? முதலிற் கழற்றி எறியப்பட்டது இயந்திரமே. வரிச்சட்டம் ஈன்ற நெடிய ஓட்ட இயந்திரத்தால் அங்கே பயனில்லை. அதனிடத்தில் எட்டுச் சிலிண்டர் அமெரிக்க இயந்திரமோ, 1967இற்குப் பின் றோவர் கம்பனி வெளியிட்ட 3.5 லீற்றர் அலுமினிய இயந்திரமோ இடம்பெற்றது. மெல்லிய பின் அச்சு நீக்கப்பட்டுப் பெரிய வண்டியொன்றின் அச்சு பொருத்தப்பட்டது. அகன்ற ரயருக்கு இடமளிக்கத் தகடு வெட்டப்பட்டது. முன்னாசனம் ஒன்றைத் தவிர ஏனைய ஆசனங்கள் அகன்றன. இயற்கை நிலையிற் கால் மைலைக் கடக்க இருபது விநாடிகளுக்கு மேல் எடுத்த வண்டி, இம்மாற்றங்களின் முதிர்ந்த நிலையிற் பத்து விநாடிகளுக்குள் கடப்பதாயிற்று. எஞ்சியது வெளித்தோற்றம் மட்டுமே. பாட்டனாரின் காரைப் போலத் தோன்றும் ஒன்று பீரங்கிக் குண்டுபோற் பாய்வதிலேயே பார்வையாளரின் களிப்பு தங்கியிருந்தது.

மாத்தளை வீதி

இனி மாத்தளைக்கு வருவோம். இம்மாவட்டத்தின் வரலாற்றில் வீதி என்பது வசதியின் பெயராகத் தொடங்கவில்லை. அது கடுந்துயரின் பெயராகத் தொடங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை நடந்தே அடைந்தனர். காடும் காய்ச்சலும் நீர்ப்பஞ்சமும் அவ்வழியிற் காவுகொண்ட உயிர்கள் பல. மலைநாட்டுக்கு வாயிலாக விளங்கிய மாத்தளையில் முத்துமாரியம்மன் வழிபாடு சிறப்புற்றமையை இப்பயணத்தின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

வீதி கிளர்ச்சிக்கும் காரணமாயிற்று. தேசாதிபதி ரொறிங்டன் காலத்தில், 1848இற் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதிவேலை செய்தல் வேண்டும். அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. ஏனைய புதிய வரிகளுடன் இதுவும் சேர்ந்து அவ்வாண்டு யூலையில் மாத்தளைக் கிளர்ச்சியை மூட்டிற்று. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். நடந்து வந்தோரும் நிலத்தை இழந்தோரும் ஆகிய இரு மக்கட் கூட்டத்தாரின் வேதனையும் ஒரே வீதியிற் படிந்திருத்தலை நாம் மறத்தலாகாது.

1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் தோட்டத் துரைமாரின் உடைமையாக மலைவீதிகளிற் தோன்றின. காலப்போக்கில் அவை கைமாறி, வணிகரையும் வாடகைச் சாரதிகளையும் அடைந்தன. பலகடுவைக் கணவாயின் வளைவுகளிலும், இறத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்ரன் நோக்கி ஏறும் பாதையிலும், எல்கடுவைத் தோட்ட வழிகளிலும் சிறு காரின் நெடிய ஓட்ட இயந்திரம் தன் தகுதியை நிலைநாட்டிற்று. திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் மரணத்துக்கும் வாடகைக் காரே ஊருக்குத் துணையாயிற்று. ஐவர் அமரவேண்டிய இடத்தில் எண்மர் அமர்ந்தனர். அவ்வாறு பாரம் சுமந்து ஏறுதலே அவ்வண்டிக்கு இங்கு வைக்கப்பட்ட பந்தயம்.

கால் மைல் ஓட்டத்துக்கான இடம் இம்மாவட்டத்தில் இல்லாமலும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சிகிரியாவிற் பிரித்தானிய வான்படைக்கென விமானத் தளம் அமைக்கப்பட்டது. பொடிங்டனும் சிகிரியாவும் ஒரே போரின் பிள்ளைகள். ஆயினும் பொடிங்டன் பெற்ற மறுவாழ்வைச் சிகிரியா பெறவில்லை. அது இலங்கை விமானப்படையின் பொறுப்பிலுள்ள நிலையமாகத் தொடர்கின்றது. களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்தை ஓடுதளமும், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுதளமும் மோட்டார்ப் பந்தயங்களுக்குப் பயன்பட்டமையை நோக்கும்போது, போர் விட்டுச்சென்ற நேரான நிலம் பந்தயத்தை எங்கும் ஈர்த்தது என்பது புலனாகும். சோழவரத்தில் 1950கள் முதல் நடைபெற்ற ஓட்டங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் திறக்கப்படும்வரை புகழ்பெற்றிருந்தன. ஆனால் இலங்கை மோட்டார்ப் பந்தயத்தின் மூத்த மரபு மலையேற்றத்தில் வேரூன்றியது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்ற ஓட்டம் 1934இலேயே தொடங்கிவிட்டது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து ஏறும் பாதையிற் தனித்தனியே ஓடி நேரத்தை அளக்கும் முறை அது. அக்களத்திற் சிறு கார் தன் இயந்திரத்தை முற்றாக இழக்கவேண்டியதில்லை. நிலத்தின் இயல்பு பந்தயத்தின் இயல்பையும், பந்தயத்தின் இயல்பு மாற்றியமைப்பின் இயல்பையும் நிருணயித்தன.

தட்டுப்பாடும் கைத்திறனும்

எனினும் நிலத்தைவிட வலிமையாகச் செயற்பட்டது பொருளாதாரம். 1960களின் தொடக்கம் முதல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாற் காரிறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் சந்தை திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. இங்கிலாந்தில் ஒரு மைனர் சொற்ப விலைக்கு விற்கப்பட்ட அதே காலத்தில், இங்கே அது குடும்பத்தின் ஆதனமாக மதிக்கப்பட்டது. அங்கே மிகுதி விளையாட்டைப் பிறப்பித்தது; இங்கே பற்றாக்குறை கைத்திறனைப் பிறப்பித்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான உண்மை கவனத்துக்குரியது. பந்தயத்துக்காக இயந்திரத்தைத் திருத்துபவனும் ஆயுளுக்காகத் திருத்துபவனும் செய்யும் வேலைகள் பெரும்பாலும் ஒன்றே. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்ரன் இடுதல் பழுதுபார்த்தலாகும். பட்டறைகளில் ‘இருபது’, ‘நாற்பது’, ‘அறுபது’ என்று சுருக்கமாகக் கூறுவர். ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கே அங்கு அலகு. 948 இயந்திரத்தை ‘அறுபது’ கடைந்தால் விட்டம் 62.9 மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 64.4 ஆகும், கொள்ளளவு 993 கன சென்ரிமீற்றரை எட்டும். மலையேற்ற ஓட்டக்காரன் விரும்பிப் பெறும் இக்கூடுதலை வாடகைச் சாரதி தேய்மானத்தின் வழியே பெற்றான். அதேபோல, வெப்பத்தால் வளைந்த சிலிண்டர்த் தலையை மட்டமாகச் சீவும்போது எரியறை சிறுத்து அமுக்க விகிதம் உயரும். பந்தயக்காரனுக்கு அதுவே நோக்கம். பழுதுபார்ப்பவனுக்கு அது பக்கவிளைவு.

வேறுபாடு ‘அறுபது’க்கு அப்பாலேயே தொடங்குகின்றது. இனிக் கடைய இரும்பு இல்லை என்ற நிலையில் இங்கிலாந்துக்காரன் இயந்திரத்தை எறிந்தான். நம் நாட்டுத் தொழிலாளி சிலிண்டரினுள் இரும்புக் குழாயொன்றை இறுக்கிச் செலுத்தி, அதனைப் பழைய அளவுக்கே மீண்டும் கடைந்தான். இயந்திரம் தன் முதற்பிறவிக்குத் திரும்பிற்று. தோட்டத் தொழிற்சாலைகளின் தேவைக்கென வளர்ந்த கடைசற் பட்டறைகளும் வார்ப்பிரும்புத் தொழிலும் மலைநாட்டு நகரங்களில் இத்தகைய வேலைக்குப் பின்பலமாயின.

வண்டியின் இலக்கத்தகடும் ஒரு வரலாற்று ஆவணமே. ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய தகடு அவ்வண்டியின் முதுமையைக் காட்டும். 1957 முதற் பதிவான வண்டிகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் நடத்திய இயக்கமும், 1958இற் பேருந்துத் தகடுகளிலிருந்து பெயர்ப்பலகைகள் வரை பரவிய தார்பூச்சும், அவ்வாண்டின் இனக்கலவரமும் நாம் அறிந்தவை. பழைய கார்களைச் சேகரிப்போர் இன்று அவ்வெழுத்தைக் காலங்கணிக்கும் அடையாளமாகக் கொள்வர். தமிழ் வாசகனுக்கு அது காலத்தை மட்டும் உணர்த்துவதன்று.

1977இற்குப் பின் யப்பானியக் கார்கள் பெருகின. பழைய வண்டிகள் சிலவற்றில் யப்பானிய இயந்திரங்களும் கியர்ப்பெட்டிகளும் புகுத்தப்பட்டன. இங்கிலாந்தில் விரைவுக்காக நிகழ்ந்த இயந்திர மாற்றம், இங்கே எரிபொருட் சிக்கனத்துக்காகவும் உதிரிப்பாக வசதிக்காகவும் காலந்தாழ்த்தி நிகழ்ந்தது. 1983 யூலையில் மாத்தளை நகரிற் தமிழர் கடைகள் எரியுண்டன. முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. ஒரு நகரின் வணிக வீதி எரியும்போது, கட்டடத்துடன் கணக்கேடுகளும் கருவிகளும் அவற்றைக் கையாண்டோரின் தொடர்ச்சியும் அழிகின்றன என்பதை வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இக்கைத்திறன் தாயகத்துக்கே திரும்பிச் சென்ற விந்தையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், காரை எறியாது பேணுதலே பொருளாதார அறிவு என்ற கருத்தை வலியுறுத்தியவர். 1990களில் அவருடைய முயற்சியோடு இலங்கையின் தென்பகுதியிற் கைத்திறனாற் செய்யப்பட்ட மைனர்த் தகட்டுப் பாகங்கள் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. வண்டியை எறியக் கற்றுக்கொண்ட நாடு, எறிய வழியில்லாதிருந்த நாட்டிடம் அதனைப் பேணும் பாகத்தைக் கேட்டு நின்றது.

வீதியின் வட முனை

கண்டியிற் தொடங்கி மாத்தளை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகின்றது. இதன் நீளம் 321 கிலோமீற்றர். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வட முனையிற் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் அரிதாயிற்று. அப்போது யாழ்ப்பாணத்தில் ஓடியவை யாவை? ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்னும் முதிய பிரித்தானியக் கார்களே. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இதன் நுட்பம் பந்தய நுட்பத்துக்கு நேர்மாறானது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அமுக்கத்தையும் தாங்காது. அமுக்க விகிதம் உயர்ந்த இயந்திரத்தில் அது பொறிக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும். பந்தயக்காரன் எரியறையைச் சிறிதாக்கி அமுக்கத்தைக் கூட்டுகிறான். மண்ணெண்ணெயை நம்பியவனுக்கு அமுக்கம் குறைந்திருத்தலே வாழ்வு. பழைய பிரித்தானிய இயந்திரம் இயல்பாகவே குறைந்த அமுக்கமுடையது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, உட்செல்லும் குழாய் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறினர். வெண்புகை கக்கி, மணம் வீசி, அடிக்கடி பொறிச்செருகி கரிபிடித்து நின்றாலும் வண்டி நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தது. புதிய யப்பானிய வண்டியைவிட முதிய ஒஸ்ரின் பயனுள்ளதாயிருந்த காலம் அது.

சாந்தா பொட்டில் பசுமை விளக்கு எரிந்ததும் பாயக் காத்திருந்த மைனரையும், யாழ்ப்பாணத்தில் பெற்றோற் துளிகளை எண்ணிப் புறப்பட்ட மைனரையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், ஓர் இயந்திரத்துக்குள் மறைந்திருந்த இரு எல்லைகளும் வெளிப்படும். வீதி 2002இற் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009இற் போர் முடிந்தபின் மீண்டுந் திறந்தது. தெற்கிலிருந்து புதிய வண்டிகள் வந்தன. முதிய கார்களின் கட்டாய உழைப்பு முடிவுற்றது.

எழுதப்படாத ஆவணம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஓர் எச்சரிக்கையுடன் முடிவுக்கு வருதல் நன்று. நமது பழைய கார்களின் நீண்ட ஆயுளைப் புகழும்போது, அதற்குக் காரணமாயிருந்த தட்டுப்பாட்டையும் தடையையும் நாம் புகழ்ந்துவிடலாகாது. கால் மைல் ஓட்டம் விருப்பத்தின் விளைவு. மண்ணெண்ணெய் ஓட்டம் நிர்ப்பந்தத்தின் விளைவு. விளையாடும் உரிமையும் ஒரு சமுதாயத்தின் செல்வமே. அதேவேளை, பந்தய வண்டியைக் கொட்டிலில் இருந்து கட்டிய இங்கிலாந்து இளைஞனையும் வெறும் வீண்செலவுக்காரன் என ஒதுக்குதல் நியாயமன்று. அவனும் கையிற் கிரீசுடன் கற்றவன். பலர் எறிந்ததிலிருந்து ஒன்றைப் படைத்தவன். மாத்தளைப் பட்டறைத் தொழிலாளி அவனைச் சந்தித்திருப்பின், மொழி தெரியாமலே இருவரும் ஒரு சிலிண்டர்த் தலையின்மீது குனிந்து உரையாடியிருப்பர்.

நம்மிடம் இல்லாதது ஒன்றே: பதிவு. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஓட்டத்தின் நேரமும் விநாடியின் பின்னங்களுடன் எழுதப்பட்டுள்ளது. நம் நாட்டில் ஓர் இயந்திரத்தை மும்முறை உயிர்ப்பித்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. துரைமாரின் நாட்குறிப்புகளும் அரசாங்க அறிக்கைகளும் வீதியைப் பற்றிக் கூறுகின்றன. அவ்வீதியில் வண்டியை ஓடவைத்தோரைப் பற்றிக் கூறுவதில்லை. மன்னாரிலிருந்து நடந்து வந்தோரின் பெயர்கள் இழக்கப்பட்டதைப்போல இவர்களின் பெயர்களும் இழக்கப்படுமாயின், அக்குற்றம் குடியேற்ற ஆட்சியினுடையதாகாது, நம்முடையதாகும்.

பல்கலைக்கழக மாணவர் செய்யத்தக்க பணி இது. முதிய தொழிலாளரிடம் சென்று அவர்தம் சொற்களையும் அளவுகளையும் செய்முறைகளையும் கேட்டெழுதுதல் வேண்டும். கடைசற் பட்டறைகளின் குறிப்பேடுகள் எஞ்சியிருப்பின் அவற்றைப் பேணுதல் வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் பொறுமையும் போதும். கழற்றிய பிஸ்ரன் ஒன்றின் தலையைத் துடைத்துப் பார்த்தால், அதில் ‘20’ என்றோ ‘40’ என்றோ ‘60’ என்றோ பொறிக்கப்பட்ட இலக்கம் தெரியும். இங்கிலாந்தில் அவ்விலக்கம் எவ்வளவு விரைவு வேண்டப்பட்டது என்பதைக் கூறலாம். மாத்தளையில் அது எத்தனை ஆண்டுகள், எத்தனை ஏற்றங்கள், எத்தனை பேரைச் சுமந்து கடக்கப்பட்டன என்பதைக் கூறுகின்றது. அதனை வாசிக்கக் கற்றோர் வாழும் காலத்திலேயே நாம் கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும்.